ஓவர்ஹால் செய்த அம்பாசடர் என்ஜினைச் சூடேற விடாமல் ரன்னிங்-இன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுவிட்டது. அந்தக் காரைக் கைவிட மனமில்லாதவர்கள் இப்போது என்ஜினைப் பிரித்து, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி (இதுவே 'போர் செய்வது'), புதிய பிஸ்டன், ரிங், பேரிங் போட்டுப் பூட்டித்தான் ஓட்டுகிறார்கள். அப்படிப் பூட்டிய என்ஜினின் புதிய உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை அதைப் பக்குவமாக ஓட்டுவதே ரன்னிங்-இன். இவ்வளவு செலவு செய்து பூட்டிய என்ஜின் நீடித்து உழைக்குமா என்பது பெரும்பாலும் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் 1489 சிசி பெட்ரோல் என்ஜினை முன்வைத்து எழுதப்பட்டவை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆன, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கம்பிகள் (புஷ்ராடு) கொண்ட மற்றப் பழைய என்ஜின்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ரன்னிங்-இன் காலத்தில் என்ஜினுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

போர் செய்த சிலிண்டரை லேத் பட்டறையில் ஹோனிங் செய்யும்போது (தேய்ப்புக் கல்லால் தீட்டும்போது), அதன் சுவரில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நுண்ணிய சாய்கோடுகள் விழுகின்றன. அந்தக் கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகளோ கூர்மையாக இருக்கும். புதிய ரிங் அந்த மேடுகளின் மேல் உரசி, அவற்றின் முனைகளை மழுக்கி, தானும் சிறிது தேய்ந்து, சிலிண்டரோடு முழு வட்டமாகப் பொருந்துவதைத்தான் மெக்கானிக்குகள் 'ரிங் செட் ஆவது' என்கிறார்கள்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசை மட்டுமன்று. எரியும் வாயு, பிஸ்டனில் ரிங் அமர்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப் பக்கத்திலிருந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. என்ஜின் சுமை இழுக்கும்போது இந்த அழுத்தம் பல மடங்கு உயர்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் ஓடும்போது மிகக் குறைவாகவே இருக்கிறது. அதனால் ரிங் செட் ஆவதற்குச் சுமை தேவை. சுமை கொடுத்தால் சூடும் வரும். அந்தச் சூட்டைத் தாங்கும் அளவுக்கு விட்டுவிட்டுச் சுமை கொடுப்பதும், பிறந்த சூட்டை உடனுக்குடன் வெளியேற்றுவதும்தான் இந்த வேலையின் சாரம். கோடுகளின் மேடுகள் விரைவில் மழுங்கிவிடுவதால், இதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிகிறது. பிறகு எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் அந்த வாய்ப்பு திரும்புவதில்லை.

"புது வேலை, டைட்டாக இருக்கிறது, அதனால் சூடாகிறது, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று மெக்கானிக் சொல்கிறார். இதை நம்பலாமா?

ஓரளவுக்கு மட்டும் நம்பலாம். புதிய ரிங்கின் உராய்வால் வெப்பமானி முள் வழக்கமான இடத்தைவிடச் சற்று மேலே நிற்பது இயல்பு. சில நூறு கிலோமீட்டரில் அது இறங்கிவிடும். ஆனால் முள் சிவப்புப் பகுதியை நெருங்குவதும், ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீரை வெளியே தள்ளுவதும் இயல்பு அல்ல. என்ஜினில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதி பெட்ரோல் எரிவதிலிருந்து வருகிறதே தவிர உராய்விலிருந்து வருவதில்லை. சரியான இடைவெளியோடு பூட்டிய என்ஜினில், உராய்வு சற்றுக் கூடியதால் மட்டும் ரேடியேட்டர் கொதித்துவிடாது.

கொதித்தால் வேறு ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்திருக்கலாம். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்கலாம். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர்த் துளைகள் மறைந்திருக்கலாம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே போதிய இடைவெளி விடாமல் போர் செய்திருந்தால், அது ஓட ஓடச் சரியாகாது. பிஸ்டனைக் கிழித்துத்தான் இடம் தேடிக்கொள்ளும். மேலே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஓட்டியதால் பாழான என்ஜின்கள் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூடேறினால் பிஸ்டனுக்கு என்ன ஆகிறது?

இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டன் அலுமினியக் கலவை, பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியக் கலவை இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் 73 மில்லிமீட்டர் பிஸ்டன் சுமார் 0.15 மில்லிமீட்டர் பெருக்கும். சிலிண்டரோ சுமார் 0.08 மில்லிமீட்டர்தான் பெருக்கும். பட்டறையில் விடும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை எவ்வளவு நெருக்கடியானது என்பது விளங்கும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஸ்டார்ட் செய்தவுடன் பிஸ்டன் சில நொடிகளிலேயே சூடாகிவிடும்; பிளாக்கும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் சூடாகப் பல நிமிடங்கள் ஆகும். குளிர்ந்த பிளாக்குக்குள் சூடான பிஸ்டன் பெருத்து நிற்கும் அந்த இடைநேரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால், தண்ணீர் கொதிக்காமலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். வெப்பமானி முள் அசையத் தொடங்கும் முன் என்ஜினுக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் தண்ணீர்ப் பாதையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பிளாக். பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பிளாக்கின் உள்ளே துருவும் சுண்ணாம்பும் சேறும் சேர்ந்து, குறிப்பாகப் பின்பக்க சிலிண்டரைச் சுற்றி, கெட்டியாகப் படிந்திருக்கும். வெளிப்பக்கம் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிய என்ஜினுக்குள் இந்தச் சேறு அப்படியே இருப்பதைப் பல பட்டறைகளில் காணலாம். பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான டம்மி பிளக்குகளைக் கழற்றி, கம்பியால் குத்திக் கிளறி, அழுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, புதிய டம்மி பிளக் அடிக்க வேண்டும். சிலிண்டரைப் போருக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

அடுத்து ரேடியேட்டர். மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே வருகிறது என்பது போதுமான சோதனை அன்று. பாதிக் குழாய்கள் அடைத்திருந்தாலும் தண்ணீர் கீழே வரத்தான் செய்யும். மேல் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தகடுகள் உதிர்ந்துபோயிருந்தால் உள்கூட்டையே மாற்றிவிடுவது நல்லது. என்ஜின் வேலைக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. இதில் மிச்சம் பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாட்டர் பம்ப்பின் தண்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கக் கூடாது. ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஃபேன் இறக்கைகளைத் திருப்பிப் பூட்டியிருந்தால் காற்றை இழுக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரின் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்து, அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். கீழ் ஹோஸ் பழையதாகி இளகியிருந்தால், வேகம் கூடும்போது பம்ப்பின் உறிஞ்சலால் உள்வாங்கித் தண்ணீர்ப் பாதையையே மூடிவிடும். ஆகவே ஹோஸ்கள், கிளிப்புகள், ரேடியேட்டர் மூடி மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடிக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

சமவெளியில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிக்குள் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடி அந்த அழுத்தத்தை விட்டுவிடும். உங்கள் ரேடியேட்டருக்கு எந்த அழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். அதைவிடக் கூடுதலான மூடி, பழைய பற்றவைப்புகளைப் பிளந்துவிடும்.

தண்ணீர் ஊற்றலாமா, கூலன்ட் ஊற்ற வேண்டுமா?

முதல் இருபது நிமிட ஓட்டத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் போதும். எங்காவது கசிந்தாலோ ஹெட்டை மறுபடி கழற்ற நேர்ந்தாலோ கூலன்ட் வீணாகாது. உள்ளே மீந்திருக்கும் அழுக்கும் அந்தத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதன்பின் கூலன்ட்டுக்கு மாறிவிடுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடியின் அழுத்தம் இல்லாமலேயே சுமார் 106 டிகிரி வரை கொதிக்காது. அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து பிளாக்கையும் பம்ப்பையும் காக்கும். வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறனில் மட்டும் வெறும் தண்ணீரே மேல் என்பதால், உறைபனிக்கு வேலையில்லாத சமவெளியில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு சுத்திகரித்த தண்ணீர் என்ற கலவையே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் ஊற்ற வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிடுகிறார்களே?

கழற்றக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின், அதிகாலை நெடுஞ்சாலை ஓட்டத்தில் உரிய சூட்டுக்கே வராமல் ஓடும். அப்போது சரியாக ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். ரிங் செட் ஆக வேண்டிய அந்த நேரத்தில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. மேலும், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றும் பைபாஸ் பாதை உள்ள என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் எளிய வழியிலேயே சுற்றிக்கொண்டு, பின் சிலிண்டர்களுக்குக் குறைவாகப் போகவும் கூடும். கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, உண்மையான காரணத்தை மறைப்பதாகவே முடியும். புதியதை வாங்கி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீர் கொதிக்கும் முன் அது திறக்கிறதா என்று அடுப்பில் சோதித்த பிறகு பூட்டுங்கள். அதன் விளிம்பில் ஒரு சிறு துளை இல்லையென்றால் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒன்று போட்டுக்கொள்ளலாம். காற்று வெளியேற அது உதவும்.

ஏர் லாக் (காற்று அடைப்பு) இல்லாமல் தண்ணீர் நிரப்புவது எப்படி?

காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றிலும் உயரமான இடம் என்னும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்து வையுங்கள். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிதுக்கிப் பிதுக்கி விட்டு, குமிழி வருவது நின்ற பிறகு மறுபடியும் ஊற்றுங்கள். என்ஜின் ஓடி, தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் திடீரெனச் சூடாகும் தருணத்தில் தண்ணீர் மட்டம் ஒருமுறை இறங்கும். அதுவரை மூடியைப் போடாமல் அருகிலேயே நின்று, மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: வெப்பமானியின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது உண்மையைச் சொல்லும். முனையைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே இருக்கும். எனவே முள்ளை மட்டும் நம்பாமல், தொடாமல் சூடு பார்க்கும் கைக் கருவி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்டாட் மூடி, ஹெட்டின் பின்பக்கம், ரேடியேட்டரின் மேல் தொட்டி, கீழ்த் தொட்டி ஆகியவற்றை மாறி மாறி அளந்து பாருங்கள். ஹெட்டின் பின்பக்கம் மட்டும் மிகவும் சூடாக இருந்தால் அங்கே காற்றோ சேறோ தங்கியிருக்கிறது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பற்றிச் செய்ய வேண்டியது என்ன?

ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடிக்காமல், பத்துப் பதினைந்து நொடி அடித்து, செல்ஃப் மோட்டார் ஆற இடைவெளி விடுங்கள். ஆயில் பம்ப்பைப் பூட்டும்போதே அதனுள் ஆயில் ஊற்றிப் பூட்டியிருந்தால் பிரஷர் விரைவில் ஏறும். பிரஷர் ஏறாமல் ஸ்டார்ட் செய்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பிளக் இல்லாமலும் கிராங்கைக் கையால் சுற்ற முடியவில்லை என்றால், காரைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு பேரிங் மூடியை இறுக்கும்போதும் கிராங்க்ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்த்துப் பூட்டிய என்ஜின் இப்படி இறுகாது. இறுகியிருந்தால் பிரித்துப் பார்ப்பதே வழி.

முதல் இருபது நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும், அதன் மேடுகள் தள்ளும் டேப்பட்டும் புதிதாக இருந்தால் அந்த இருபது நிமிடங்கள் அவற்றுக்கானவை. இந்த என்ஜினில் தட்டையான அடியுள்ள டேப்பட், கேமின் மேடுகள் மீது நேரடியாக உரசி ஏறுகிறது. அந்த இடத்துக்கு ஆயில் பிரஷராக வருவதில்லை; பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் சுழன்று தெளிக்கும் ஆயில்தான் வந்து விழுகிறது. ஸ்லோவில் அந்தத் தெளிப்பு போதாது. எனவே ஸ்டார்ட் ஆனவுடன் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு உயர்த்தி, 1800க்கும் 2500க்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓட விட வேண்டும். பூட்டும்போது கேம் மேடுகளில் மாலிப்டினம் கலந்த பசையைத் தடவியிருக்க வேண்டும். அம்பாசடரில் சுற்று காட்டும் மீட்டர் இல்லாததால், டைமிங் பார்க்கப் பயன்படும் கிளிப் வைத்த மீட்டரை இரவல் வாங்கியாவது பொருத்துங்கள். காதை நம்பி 2000 சுற்று வைப்பது கடினம். சுமை இல்லாத ஓட்டம் என்பதால், ஸ்டார்ட் ஆனவுடன் இந்தச் சுற்றுக்கு உயர்த்துவது பிஸ்டனைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கைக்கு முரணானது அன்று.

நின்ற இடத்தில் 2000 சுற்றில் ஓடும் காருக்கு எதிர்க்காற்று கிடையாது. சூடேறும் ஆபத்து மிகுந்த கட்டம் இதுவே. அதிகாலையில், திறந்த வெளியில், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பானெட்டைத் திறந்தே வையுங்கள்.

பழைய கேமையே, அந்தந்த டேப்பட்டை அந்தந்த இடத்தில் போட்டுப் பூட்டியிருந்தால் இந்த இருபது நிமிடம் தேவையில்லை. கசிவும் டைமிங்கும் பார்ப்பதற்கு மட்டும் ஓட்டிவிட்டு நேரே சாலைக்குப் போய்விடலாம்.

அந்த இருபது நிமிடத்துக்குள் முள் ஏறத் தொடங்கினால்?

நிறுத்திவிடுங்கள். மிச்ச நிமிடங்களை என்ஜின் முழுக்க ஆறிய பிறகு தொடரலாம்; ஒரே ஓட்டமாக முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாலையில் ஓடும்போது முள் ஏறினால், சுமையைக் குறைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதித்த என்ஜின் மீதோ ரேடியேட்டருக்குள்ளோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் விடக்கூடும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஒரு நாள் முழுக்க ஸ்லோவில் ஓடவிட்டால் மெதுவாக ரிங் செட் ஆகாதா?

ஆகாது. மென்மையாக நடத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தப் பழக்கம் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. ஸ்லோவில் ரிங்கை அழுத்த வாயு அழுத்தம் இல்லை. ரிங்கைத் தாண்டி மேலே வரும் ஆயில் சுவரில் வெந்து, ஹோனிங் கோடுகளை மூடி, கண்ணாடி போன்ற பூச்சாகப் படிந்துவிடுகிறது. பூச்சு படிந்த பிறகு ரிங் செட் ஆகவே ஆகாது. என்ஜினை மறுபடி பிரித்து ஹோனிங் செய்தால்தான் தீர்வு. இரண்டாவதாக, காற்றோட்டம் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடும் என்ஜின், சாலையில் ஓடுவதைவிட எளிதில் சூடேறும். ஆக, சூட்டுக்குப் பயந்து செய்யும் இந்த வேலையே சூட்டையும் கொடுத்து ரிங்கையும் கெடுக்கிறது.

சாலையில் எப்படி ஓட்டுவது?

நெரிசல் இல்லாத, சமதளமான, நீண்ட சாலையை அதிகாலையில் தேர்ந்துகொள்ளுங்கள். முள் வழக்கமான இடத்துக்கு வரும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். பிறகு மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 55 வரை, ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்குச் சற்று மேல் மிதித்து உறுதியாக ஏற்றுங்கள். ஏறியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுமையாக எடுத்துவிட்டு, கிளட்சைத் தொடாமல், கியரிலேயே வேகம் மறுபடி 30க்கு இறங்கும் வரை விடுங்கள். இதைப் பத்து முறை போலத் திரும்பச் செய்துவிட்டு, டாப் கியரில் 45க்கும் 65க்கும் இடையே அதே போலச் செய்யுங்கள்.

ஏற்றும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. காலை எடுத்து இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கீழிருந்து ஆயிலை மேலே இழுத்து, ரிங்கையும் சுவரையும் நனைத்துக் குளிர்வித்து, தேய்ந்து உதிர்ந்த பொடியைக் கழுவிக்கொண்டு போகிறது. சூட்டைக் கொடுத்துவிட்டு உடனே அதை எடுத்துவிடுவதால், இம்முறையில் முள் பெரும்பாலும் அசையாமலே நிற்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை எடுக்கும்போது பிரேக் விளக்கு எரியாது.

முதல் 500 கிலோமீட்டர் வரை 65ஐத் தாண்டாமலும், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமலும் இருப்பது நல்லது. டாப் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் என்ஜினைத் திணற விடுவது, வேகமாக ஓட்டுவதைவிட மோசம். திணறும்போது அழுத்தமும் சூடும் கூடுகின்றன. தண்ணீர்ப் பம்ப்பும் ஆயில் பம்ப்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றுகின்றன. கியரை இறக்கத் தயங்காதீர்கள்.

மலை ஏறலாமா? ஏசி போடலாமா? குடும்பத்தோடு போகலாமா?

முதல் 1000 கிலோமீட்டருக்குள் மலைப்பாதை வேண்டாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ வால்பாறையின் 40 வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ, எதுவானாலும் குறைந்த வேகம், முழுச் சுமை, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேர்கின்றன. காலை எடுத்து ஆற விட இடமே கிடைப்பதில்லை. உயரம் கூடக் கூடத் தண்ணீரின் கொதிநிலையும் இறங்குகிறது; சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏசி பொருத்திய காரில், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சர் சூடான காற்றையே உள்ளே அனுப்புவதால், முதல் 500 கிலோமீட்டர் வரை அதைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு பேர் ஏறுவதில் தவறில்லை; மேலே கேரியர் நிறைய மூட்டை ஏற்றுவதுதான் கூடாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் என்ஜின் பூட்டி முடிந்தால், ரன்னிங்-இன் ஓட்டத்தைச் சூரியன் உதிக்கும் வேளைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

டைமிங்கும் பெட்ரோலும் சூட்டைப் பாதிக்குமா?

வெகுவாகப் பாதிக்கும். டைமிங் பின்தங்கினால் கலவை தாமதமாக எரிந்து, அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஹெட்டுக்குள் இறங்கும். கார் இழுவை குறைந்து, சைலன்சர் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். டைமிங் முந்தினால் ஏற்றத்தில் 'டக் டக்' என்று நாக்கிங் கேட்கும். புதிய பிஸ்டனுக்கு அதுவும் ஆகாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கணக்காக வைத்து, சூடான பின் டைமிங் லைட்டால் சரிபாருங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்காக அமைத்த கார்புரேட்டரில் கலவை பெட்ரோல் குறைந்ததாக மாறிவிடும்; அப்படிப்பட்ட கலவை சூட்டைக் கூட்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவையைச் சற்றுக் கூட்ட வேண்டும். எத்தனால் பழைய ரப்பர்களையும் தின்னும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் அதற்கேற்றதாக மாற்றிவிடுங்கள்.

எந்த ஆயில்? எப்போது மாற்றுவது?

மினரல் வகை 20டபிள்யூ-50 ஆயில் இந்த என்ஜினுக்கு ஏற்றது. தட்டை டேப்பட்டைக் காக்கத் துத்தநாகம் கலந்த சேர்க்கை தேவை. புதிய கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருப்பதால், பழைய என்ஜின்களுக்கென்று விற்கப்படுவதைக் கேட்டு வாங்குங்கள். சிந்தெட்டிக் ஆயிலை ரன்னிங்-இன் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இருபது நிமிட ஓட்டம் முடிந்ததும், அல்லது முதல் 50 கிலோமீட்டருக்குள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பிறகு 500 கிலோமீட்டரிலும் 1500 கிலோமீட்டரிலும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி மினுமினுப்பது ரிங்கும் சுவரும் பொருந்தியதன் அடையாளம். அதற்கு அஞ்ச வேண்டாம். கையில் உறுத்தும் இரும்புச் செதிலோ செம்பு நிறத் தூளோ தெரிந்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஹெட் நட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

சூடேறி ஆறும்போது கேஸ்கட் சற்று அமுங்கும். நட்டின் இறுக்கம் குறையும். கேஸ்கட் தயாரித்தவர்கள் மறு இறுக்கம் தேவையில்லை என்று சொல்லியிருந்தால் ஒழிய, முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் முழுக்க ஆறிய பிறகும், 500 கிலோமீட்டரிலும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், கையேடு சொல்லும் வரிசையில் இறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொரு முறையும் டேப்பட் இடைவெளி மாறிவிடும். அதையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். இடைவெளி குறைந்து எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல் நின்றால், வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த வழியில்லாமல் கருகிவிடும்.

புகை வருகிறது. பயப்பட வேண்டுமா?

முதல் அரை மணி நேரம் வரும் நீலப் புகை, பூட்டும்போது தடவிய ஆயில் எரிவது. காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை, சைலன்சரில் தேங்கிய ஈரம். என்ஜின் சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்து, தண்ணீரும் குறைந்து, ரேடியேட்டரில் குமிழிகளும் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் நீலப் புகை நிற்கவில்லை என்றால், ரிங் செட் ஆகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மாருதி 800க்கும் டீசல் அம்பாசடருக்கும் இதே முறைதானா?

ரிங் பற்றிச் சொன்னவை எல்லாம் பொருந்தும். மாருதி 800இன் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தாலே வளைந்துவிடும் என்பதால் அதில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. அதன் மின்சார ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்பதை முதல் ஓட்டத்திலேயே, நின்ற இடத்தில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். டீசல் என்ஜின் ஸ்லோவில் ஓடினால் சிலிண்டர் சுவரில் பூச்சு படிவது பெட்ரோல் என்ஜினைவிட விரைவில் நடக்கும். அதற்குச் சுமை கொடுப்பதில் தயக்கமே கூடாது.

ரன்னிங்-இன் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோமீட்டர் கணக்கைவிட என்ஜின் காட்டும் அடையாளங்களே நம்பத்தக்கவை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஒரு வாரம் ஓடியும் இறங்காமல் நிற்கும். ஸ்லோ தானாகச் சற்று உயரும். உராய்வு குறைந்ததால் இது நிகழ்கிறது, கார்புரேட்டரில் மறுபடி குறைத்துக்கொள்ளலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி வராது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் (அமுக்க அழுத்தமும்) ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடாது. வெப்பமானி முள் நண்பகல் வெயிலிலும், சிக்னலில் நிற்கும்போதும் ஏறினாலும், கார் நகர்ந்ததும் தன் இடத்துக்கு இறங்கிவிடும். இவை எல்லாம் பெரும்பாலும் 1500 கிலோமீட்டருக்குள் கூடிவந்துவிடும். இவற்றில் ஏதேனும் ஒன்று 2000 கிலோமீட்டர் தாண்டியும் வரவில்லை என்றால், என்ஜின் பூட்டிய மெக்கானிக்கிடம் அந்த அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கம்ப்ரஷன், ஆயில் குறைந்த அளவு, எந்த நேரத்தில் முள் எங்கே நின்றது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் கையில் இருந்தால், எதைப் பிரிக்க வேண்டும் என்பதை அவர் ஊகிக்காமலே முடிவு செய்ய முடியும்.